ஊசி போடச் சொன்னது கம்பெனி... உடம்புக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

காலை ஆறரை மணி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைச் சாலைகளில் தொழிற்சாலைப் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. பட்டர்வொர்த், சுங்கை பாக்காப், நிபோங் திபால் என்று பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருட்டோடு கிளம்பியவர்கள் இறங்குகிறார்கள். கேட்டில் வரிசை. முதலில் உடல் சூடு பார்க்கிறார்கள். அடுத்து கைப்பேசி. மைசெஜாத்ரா செயலியில் தடுப்பூசிச் சான்றிதழைத் திறந்து காவலாளியிடம் காட்ட வேண்டும். வரிசை மளமளவென்று நகர்கிறது. ஒருவரை மட்டும் ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள். “எச்ஆர்ல போய்ப் பாருங்க” என்கிறார் காவலாளி. ஷிப்ட் மணி அடித்துவிடுகிறது. அவர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்.

2021-இன் பிற்பாதியில் நம் நாட்டுத் தொழிற்பேட்டைகள் பலவற்றில் கண்ட காட்சி இது. அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போனவர்கள் லட்சக்கணக்கானோர். பெரும்பாலோர் மனம் ஒப்பித்தான் ஊசி போட்டுக்கொண்டார்கள். வேலை போய்விடுமே என்ற பயத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. போடாமல் வேலையை விட்டவர்கள் சிலர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்விக்கு நம் சட்டப் புத்தகத்தில் இன்றுவரை நேரடியான பதில் இல்லை. முதலாளியின் உத்தரவுக்குப் பணிந்து போட்ட ஊசியால் உடம்பு கெட்டால், அந்தச் செலவும் சம்பள இழப்பும் யார் தலையில்?

தடுப்பூசி உயிர் காத்தது என்பதில் இந்தக் கட்டுரைக்குச் சந்தேகமே இல்லை. கடுமையான பக்கவிளைவு மிக அரிது. ஆனால் அந்த அரிதான ஒருவருக்கும் குடும்பம் இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறது. அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கேட்டை மூடச் சொன்னது யார்?

தேசியத் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24-இல் தொடங்கியது. ஜூன் மாதம் அனைத்துலக வாணிப, தொழில் அமைச்சு ‘பிகாஸ்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. தொழிற்சாலை ஊழியர்களுக்கு வேலையிடத்தின் வழியாகவே ஊசி கிடைத்தது. மருந்து அரசுடையது, போடும் செலவு முதலாளியுடையது. ஆகஸ்டில் வந்த அறிவிப்பு நிலைமையை அடியோடு மாற்றியது. எத்தனை சதவீத ஊழியர் இரண்டு ஊசியும் முடித்திருக்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் தொழிற்சாலை எத்தனை பேரை வைத்து இயங்கலாம் என்று விதி வந்தது.

இந்த விதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தனியார் ஊழியர் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று அரசு சட்டம் போடவில்லை. ஆனால் ஊழியர் ஊசி போடாவிட்டால் முதலாளியின் உற்பத்தி குறையும் என்று ஏற்பாடு செய்தது. அழுத்தம் மேலிருந்து முதலாளிக்கு வந்தது. முதலாளி அதை அப்படியே தொழிலாளிக்குத் தள்ளினார். “அரசுதான் சொன்னது” என்று கம்பெனி சொல்லலாம். “நாங்கள் கட்டாயப்படுத்தவில்லையே” என்று அரசு சொல்லலாம். இரண்டு பேருமே ஒதுங்கிக்கொள்ள வழி இருந்தது. தொழிலாளிக்கு மட்டும் அந்த வசதி இல்லை.

பெட்டிச் செய்தி: 2021-இன் முக்கிய நாள்கள்

▪ ஆகஸ்ட்: 80 முதல் 100 சதவீதம் ஊசி முடித்த தொழிற்சாலைக்கு முழு ஆள்பலம், 60–79 சதவீதம் என்றால் 80 சதவீத ஆள்பலம், 40–59 சதவீதம் என்றால் 60 சதவீத ஆள்பலம்.
▪ செப்டம்பர் 30: கூட்டரசு அரசு ஊழியர்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிப் பொதுச் சேவைத் துறை சுற்றறிக்கை. கெடு நவம்பர் 1.
▪ அக்டோபர் 10: பெரியவர்களில் 90 சதவீதம் பேர் முழுமையாக ஊசி முடித்தனர். மறுநாள் முதல் அவர்கள் மாநில எல்லை கடக்கலாம்.

பினாங்கு அரசு சட்டம் போட்டிருக்க முடியுமா?

அமெரிக்காவில் இந்த விவகாரத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாஸ் 2023-இல் நிறைவேற்றிய சட்டப்படி, கோவிட் ஊசி போடாததற்காக ஊழியரைத் தண்டிக்கும் தனியார் முதலாளிக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலர் அபராதம். மொண்டானா 2021-லேயே, ஊசி போட்டாரா இல்லையா என்று பார்த்து ஊழியரைப் பாகுபடுத்துவதைத் தடை செய்தது. வாஷிங்டனில் மத்திய அரசு 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் கொண்டுவந்த விதியை உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 13-இல் நிறுத்தி வைத்தது. மருத்துவமனை ஊழியருக்கான கட்டாயத்தை அதே நாளில் அதே நீதிமன்றம் அனுமதித்தது.

மலேசியாவில் அந்த வழி மாநிலங்களுக்கு இல்லை. கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி தொழிலாளர் விவகாரமும் சமூகப் பாதுகாப்பும் கூட்டரசின் அதிகாரம். பொதுச் சுகாதாரமும் நோய்த்தடுப்பும் மட்டும் இரு தரப்புக்கும் பொதுவான பட்டியலில் இருக்கின்றன. ஆகவே பாயான் லெப்பாஸ் தொழிலாளியின் வேலை உரிமையைக் கொம்தாரில் முடிவு செய்ய முடியாது. புத்ராஜெயாதான் முடிவு செய்ய வேண்டும். மாநில அரசின் சொந்த ஊழியர் நிலை வேறு. பொதுச் சேவைத் துறையின் இத்தகைய சுற்றறிக்கையை மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அது அவர்களைக் கட்டும்.

கூட்டரசுச் சட்டத்தில் ஊசியைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எங்கே இருக்கிறது? 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், அதாவது சட்டம் 342, பிரிவு 11-இல் இருக்கிறது. நோய் பரவிய பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் வாழ்பவர்களைச் சிகிச்சைக்கோ தடுப்பூசிக்கோ உட்படுமாறு உத்தரவிட அது இடம் தருகிறது. உத்தரவிடக்கூடியவர் சுகாதாரத் துறையின் அதிகாரம் பெற்ற அதிகாரி. கம்பெனியின் எச்ஆர் மேனேஜர் அந்தச் சட்டத்தில் எங்கும் வரவில்லை.

சட்டமே ஊசியைக் கட்டாயமாக்கிய வேலையும் நம் ஊரில் உண்டு. பினாங்குக்குப் பெயர் வாங்கித் தந்த நாசி கண்டார் கடைக்குப் போய்ச் சமையல்கட்டில் கேளுங்கள். டைபாய்டு ஊசி அட்டை இல்லாமல் அங்கே யாரும் கரண்டி பிடிக்கக்கூடாது. 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள், உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் மருத்துவப் பரிசோதனை செய்து டைபாய்டு தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன. இங்கே யார் போட வேண்டும், எதற்காக, யார் கண்காணிப்பது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அப்படி இருந்தும் 2022 இறுதியில் ஊசியே போடாமல் சான்றிதழ் விற்ற விவகாரம் வெடித்தது. நாடு முழுவதும் உணவகத் தொழிலாளர் கிளினிக் வாசலில் குவிந்தார்கள், மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. எழுத்தில் இருக்கும் விதிக்கே இந்தக் கதி. எழுத்திலேயே இல்லாத கட்டாயம் என்ன பாடுபடுத்தும்?

பாயான் லெப்பாஸ் கடற்கரையில் நின்று பார்த்தால் எதிரே ஜெரஜாக் தீவு தெரியும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர்களைத் தோட்டங்களுக்கு அனுப்புமுன் அந்தத் தீவில்தான் நோய்க்காகத் தனிமைப்படுத்தி வைத்தார்கள். வேலைக்குச் சேர்வதற்கு உடம்பைக் காட்டி அனுமதி பெற வேண்டிய நிலை நம் குடும்பங்களுக்குப் புதிதில்லை. அன்று கூலிக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லை. இன்று இருக்கிறது. அதை எங்கே கேட்பது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை.

வேலை போனால்...

முதலில் கேட்க வேண்டிய இடம் தொழிலியல் உறவுத் துறை. 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் எந்தத் தொழிலாளியும் முறையிடலாம் என்கிறது. நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் முறையிட வேண்டும். கட்டணம் கிடையாது. பினாங்கிலேயே அதற்கு அலுவலகம் இருக்கிறது. சமரசம் ஏற்படாத வழக்கு, 2021 ஜனவரி முதல், அமைச்சரின் மேசைக்குப் போகாமல் நேராகத் தொழிலியல் நீதிமன்றத்துக்கே போகிறது.

அங்கே தன் காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. கூன் குவீ பொய் வழக்கில் 1981-இல் கூட்டரசு நீதிமன்றம் போட்ட அடித்தளம் அது: முதலாளி சொன்ன காரணம் உண்மையா, அது நீக்குவதற்குப் போதுமானதா என்று நீதிமன்றம் விசாரிக்க வேண்டும். “ஊசி போடச் சொன்னோம், மறுத்தார், கீழ்ப்படியவில்லை” என்று மட்டும் சொன்னால் போதாது. உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டதா? அந்த வேலைக்கு அது தேவையா? வீட்டிலிருந்து கணக்கு எழுதக்கூடியவருக்கும், தோளோடு தோள் உரச உற்பத்தி வரிசையில் நிற்பவருக்கும் ஒரே உத்தரவா? மருத்துவக் காரணம் சொன்னாரா? வேறு பிரிவுக்கு மாற்றவோ வாராந்தரப் பரிசோதனைக்கோ வழி பார்த்தார்களா? விசாரணை நடத்தினார்களா? இத்தனையும் கேட்கப்படும்.

பல இடங்களில் நேரடியாக நீக்கவில்லை. “சம்பளமில்லா விடுப்பில் இருங்கள்” என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். முதலாளிக்கு இது பாதுகாப்பான வழியாகத் தெரிந்திருக்கும். உண்மையில் இதில் ஆபத்து அதிகம். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, விசாரணைக்காகத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதை இரண்டு வாரத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. அந்த நாள்களுக்கும் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். ஊழியர் சம்மதிக்காமல் மாதக்கணக்கில் சம்பளத்தை நிறுத்தினால் முதலாளியே ஒப்பந்தத்தை முறித்ததாக ஆகும். வேலையை விட்டு வெளியேறிய ஊழியர், “என்னை மறைமுகமாக நீக்கிவிட்டார்கள்” என்று வழக்குப் போடலாம்.

அரசமைப்பின் ஐந்தாவது பிரிவு தரும் உயிருரிமை, உடலுரிமை பற்றிப் பலர் பேசுகிறார்கள். தனியார் கம்பெனிக்கு எதிராக அது எடுபடாது. கர்ப்பமானதால் மலேசிய விமான நிறுவனத்தில் வேலை இழந்த பணிப்பெண் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் தொடுத்த வழக்கில் 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அரசமைப்பின் அடிப்படை உரிமைகள் குடிமகனை அரசிடமிருந்து காப்பவை, தனியார் முதலாளியிடமிருந்து அல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். வலிக்கும் தீர்ப்புதான். ஆனால் அதுதான் இங்கே சட்டம். அதனால்தான் தொழிலாளர் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

பெட்டிச் செய்தி: தொழிலியல் நீதிமன்றம் என்ன தரலாம்?

▪ நீக்கியது தவறு என்று தீர்ப்பானால், நிரந்தர ஊழியருக்குப் பின்சம்பளம் 24 மாதம் வரை. தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு 12 மாதம் வரை.
▪ மீண்டும் வேலை தர உத்தரவிடலாம். அதற்குப் பதிலாக, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு தருவது வழக்கம்.

உடம்பு கெட்டால்...

இனி வருவதுதான் மிகச் சிக்கலான பகுதி.

கோவிட் ஊசியின் கடுமையான பக்கவிளைவுக்கு அரசு 2021-இல் சிறப்பு நிதி ஒன்றை ஏற்படுத்தியது. தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா அதைக் கையாண்டது. நீண்டநாள் மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்பட்டால் 50,000 ரிங்கிட் வரை. நிரந்தர ஊனம் அல்லது மரணம் என்றால் 500,000 ரிங்கிட் வரை. நல்ல ஏற்பாடு. ஆனால் அது அரசு தரும் உதவித்தொகை. ஊசி போடச் சொன்ன கம்பெனிக்கு என்ன பொறுப்பு என்பதற்கு அதில் பதில் இல்லை. மூன்று மாதம் நெஞ்சுவலியோடு வேலைக்குப் போக முடியாமல், ஆனால் ஊனம் என்றும் சொல்ல முடியாமல் கிடந்தவருக்கு மாதச் சம்பளத்தை யார் தருவது?

நம் மக்கள் உடனே சொல்வது சொக்சோ. ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து பிடிக்கிறார்களே! 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டப்படி வேலை காயம் என்றால், வேலையின் பொருட்டும் வேலையின் போதும் ஏற்பட்ட விபத்து அல்லது தொழில்சார் நோய். தொழில்சார் நோய்களின் பட்டியல் ஐந்தாவது அட்டவணையில் இருக்கிறது. தொற்று அபாயம் கூடுதலாக உள்ள வேலையில் பிடித்த தொற்றுநோய்க்கு அதில் இடமுண்டு. முதலாளி போடச் சொன்ன தடுப்பூசியின் விளைவு என்று பெயர் சொல்லி எதுவும் இல்லை.

இல்லையென்றால் முதலாளி மீது வழக்குப் போடலாமே? அங்கே நிற்கிறது அதே சட்டத்தின் 31-ஆவது பிரிவு. வேலை காயம் என்று ஆகிவிட்டால், சொக்சோ தருவதற்கு மேல் முதலாளியிடம் வேறு சட்டப்படி நஷ்டஈடு கேட்க முடியாது. முதலாளி சந்தா கட்டுகிறார். அதற்கு ஈடாகச் சட்டம் அவரை வழக்கிலிருந்து காக்கிறது.

இப்போது கவனியுங்கள். ஊசியின் பக்கவிளைவு வேலை காயம் என்றால் சொக்சோ தர வேண்டும், கம்பெனி தப்பிக்கும். வேலை காயம் இல்லை என்றால் சொக்சோ கதவு மூடும். ஆனால் 31-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பும் அத்தோடு போய்விடும். ஊழியர் சிவில் நீதிமன்றத்தில் கவனக்குறைவு வழக்குத் தொடுக்கலாம். ஆக, “அது வேலை காயமே இல்லை” என்று கம்பெனி சாதித்தால், வழக்குக்கான கதவைத் தன் கையாலேயே திறந்துவிடுகிறது. முதலாளிகள் சங்கத்தினர் இதை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சட்டம் தெளிவாக இருப்பது தொழிலாளிக்கு மட்டும் நல்லதில்லை, அவர்களுக்கும் நல்லது.

ஆஸ்திரேலியாவில் ஒரு தீர்ப்பு

இந்தக் கேள்விக்கு நேருக்கு நேர் பதில் சொன்ன நீதிமன்றம் ஒன்று உண்டு. தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் குழந்தைகள் பாதுகாப்புத் துறையின் ஊழியர் ஒருவர் 2022 பிப்ரவரியில் ஊக்க ஊசி போட்டார். மாநில அவசரகால உத்தரவும் இருந்தது, துறையின் கட்டாயமும் இருந்தது. சில நாளில் நெஞ்சுவலி. இதயத்தைச் சூழ்ந்த உறையில் அழற்சி. ஊசியால்தான் வந்தது என்பதில் மருத்துவர்களிடையே சர்ச்சை இல்லை. துறை தரப்பு வாதம் இதுதான்: அவரைப் போடச் சொன்னது மாநில உத்தரவு, வேலை அல்ல, ஆகவே நாங்கள் பொறுப்பில்லை.

2024 ஜனவரியில் தெற்கு ஆஸ்திரேலிய வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளியது. மாநில உத்தரவும் காரணம், வேலையும் காரணம். ஊசி போடாமல் அவர் அந்த வேலையில் நீடித்திருக்க முடியாது. ஆகவே அது வேலையால் வந்த காயம் என்றது. வாரச் சம்பள இழப்பும் மருத்துவச் செலவும் அவருக்குக் கிடைத்தன. ஊசி மோசமானது என்றோ, கட்டாயம் தவறு என்றோ அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஊரைக் காக்க ஊசி போடச் சொல்லப்பட்ட ஒருவருக்கு அதனாலேயே தீங்கு வந்தால், அவரைத் தனியே தவிக்க விடக்கூடாது என்றது. மலேசிய நீதிமன்றத்தை அது கட்டாது. ஆனால் “அரசுதான் சொன்னது” என்ற வாதம் எவ்வளவு வலுவற்றது என்பதை நம் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்ட அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதே நாட்டில் பிஎச்பி நிறுவனத்தின் மவுண்ட் ஆர்தர் நிலக்கரிச் சுரங்க வழக்கில், தொழிலாளரைக் கலந்தாலோசிக்காமல் கொண்டுவந்த ஊசிக் கட்டாயம் நியாயமான உத்தரவாகாது என்று 2021 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சுரங்கப் பாதுகாப்புக்கு ஊசி நல்லதுதான் என்பதை அந்த அமர்வு மறுக்கவில்லை. தொழிலாளியிடம் கேட்டீர்களா என்பதே கேள்வி. நம் தொழிற்பேட்டையில் யூனியன் இல்லாத இடங்களில் அந்தக் கேள்வியை யார் கேட்டிருப்பார்கள்?

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் நம் வீடுகளில் ஏராளம். அங்கே 2022 ஜனவரி 15 முதல் ஊசி போடாதவர் வேலையிடத்துக்குப் போக முடியவில்லை; ஏப்ரல் 26-இல் அந்த விதி தளர்ந்தது. கடுமையான விதிதான். ஆனால் முதலாளி என்ன செய்யலாம், கடைசி வழியாக எப்போது நீக்கலாம் என்று முத்தரப்பு வழிகாட்டி எழுத்தில் சொன்னது. பக்கவிளைவுக்கு 225,000 சிங்கப்பூர் டாலர் வரை உதவித்திட்டமும் இருந்தது. இந்தியாவில் ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட வைக்க முடியாது என்றது. தனியார் நிறுவனங்களும் தங்கள் கட்டுப்பாடுகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது.

முதலாளிக்கும் பயம் உண்டு

முதலாளி பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் கிள்ளானில் டாப் குளோவ் கையுறை ஆலைத் தொழிலாளரிடையே 5,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பரவியது. நெரிசலான தங்குமிடம் எப்படி நோய்க்கிடங்காகும் என்பதை நாடே பார்த்தது. 1994-ஆம் ஆண்டு பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, ஊழியரின் பாதுகாப்புக்கு முடிந்தவரை எல்லாம் செய்ய வேண்டிய கடமையை முதலாளியிடம் தருகிறது. அதை மீறினால் அபராதம் முன்பு 50,000 ரிங்கிட் வரை. 2024 ஜூன் 1 முதல் 500,000 ரிங்கிட் வரை. நோய் பரவினால் ஒரு சட்டம், ஊசியைத் திணித்தால் இன்னொரு சட்டம் என்று இரண்டு பக்கமும் முதலாளிக்கு நெருக்கடி.

ஆனால் அந்தக் கடமையில் ஊசி ஒரு பகுதிதான். காற்றோட்டம், இடைவெளி, தங்குமிடம், நோய் வந்தால் சம்பளத்தோடு ஓய்வு என்று எல்லாம் அதில் அடங்கும். ஊசி மட்டும் செலவு குறைந்த வழி. அதைச் செய்துவிட்டு மற்றதை விட்டவர்களை நான் ஏற்க மாட்டேன்.

சான்றிதழ் விஷயத்திலும் கவனம் வேண்டும். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவரின் உடல்நல விவரம் அந்தரங்கத் தரவு. பொதுவாக, வெளிப்படையான சம்மதம் பெற்றுத்தான் அதைக் கையாள வேண்டும். யார் ஊசி போடவில்லை என்ற பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கம்பெனியைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்.

செய்ய வேண்டியது என்ன?

மனிதவள அமைச்சு செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. முதலாளியின் எழுத்துமூல உத்தரவாலோ, வேலைக்கான நிபந்தனையாலோ போட்ட தடுப்பூசியின் கடுமையான விளைவு வேலை காயமாகும் என்று சொக்சோ சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். கோவிட் மட்டுமில்லை, டைபாய்டு ஊசி போடும் நாசி கண்டார் தொழிலாளிக்கும், நாளை புதிய நோய்க்குப் புதிய ஊசி போடப்போகும் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் அது பொருந்தும். 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளரும் சொக்சோவின் வேலை காயப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டதால் அவர்களுக்கும் பலன் கிடைக்கும். அடுத்த பெருந்தொற்றுக்குக் காத்திருந்து, அவசரத்தில் இதைச் செய்யாதீர்கள். இப்போதே செய்யுங்கள்.

வாசகர்களே, கம்பெனி அனுப்பிய ஊசி உத்தரவு, எச்ஆர் அனுப்பிய குறுஞ்செய்தி, ஊசி அட்டை, கிளினிக் ரசீது, எம்சி எதையும் தூக்கி எறியாதீர்கள். ஊசிக்குப் பிறகு உடம்பு கெட்டிருந்தால் மருத்துவரிடம் அதை எழுத்தில் வாங்குங்கள். சொக்சோவில் கோரிக்கை பதியுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். தீபகற்ப மலேசியாவில் கவனக்குறைவு வழக்குக்கான காலவரம்பு 6 வருடம். அரசுத் துறைக்கு எதிராக என்றால் 36 மாதம்தான். 2021-இல் முதலாளியின் உத்தரவால் ஊசி போட்டு பாதிக்கப்பட்டவருக்குத் தனியார் கம்பெனி மீதான அந்த 6 வருடம் 2027-இல் முடிகிறது.